வெந்நீரில் வந்த பால்

பால் அறைக்குப் புதிதாக வந்திருக்கும் தங்கைகளுக்கு,

பாட்டிலை எத்தனை நிமிடம் கொதிக்க வைப்பது, லேபிளில் என்ன எழுதுவது, ஃபிரிட்ஜில் எந்தத் தட்டு எந்தக் குழந்தைக்கு என்பதெல்லாம் சுவரில் ஒட்டியிருக்கிறது. அதை நான் திரும்ப எழுதப்போவதில்லை. பதினெட்டு வருடம் அந்த அறையில் வேலை பார்த்தேன். கடைசி நாளில் எல்லோரும் கூடியிருந்தபோது என் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். வணக்கம் என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. கேக்கை வெட்டச் சொல்லி என்னைக் காப்பாற்றியவர் இன்சார்ஜ் சிஸ்டர்தான். பிறகு, "பேச வரலைன்னா எழுதிக் குடுங்கக்கா. புதுப் புள்ளைங்க படிக்கட்டும்" என்றார்.

நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வேலையைப் பற்றி நான் சொல்வதில் பிழை இருக்காது.

நம் வேலையை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. பேபி வார்டில் டாக்டரும் சிஸ்டர்களும் இருப்பார்கள். பக்கத்துச் சின்ன அறையில் பாட்டில் கழுவுகிறவர்கள் நாம். ஆனால் ஒரு கிலோ எடையில் வந்து படுத்திருக்கும் குழந்தையின் வயிற்றுக்குள் முதன்முதலாகப் போகும் துளி நம் கை வழியாகத்தான் போகிறது. அந்தத் துளி ஏன் அவ்வளவு முக்கியம் என்று எனக்குப் பல வருடம் சரியாகத் தெரியாது. விளக்கிச் சொன்னவர் இன்சார்ஜ் சிஸ்டர். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். கூடலூர்க்காரர். கோபம் வந்தால் பாதி மலையாளம் பேசுவார்.

"பஸ்ல துண்டு போட்டு எடம் புடிக்கிறோமில்லக்கா, அந்த மாதிரிதான். நெறமாசத்துல பொறக்குற கொழந்தை அம்மாகிட்டயிருந்து நல்ல கிருமிய எடுத்துக்கிட்டு வருது. அதுங்க குடல்ல முதல்ல துண்டு போட்டுடும். கெட்டது பின்னாடி ஏறுனா நிக்கத்தான் எடம். நம்ம கொழந்தைங்க காலி பஸ்ஸு. ஆபரேஷன், ஆம்புலன்ஸ், ஊசி மருந்துன்னு வந்திருக்காங்க. யாரு முதல்ல துண்டு போடறாங்கங்கிறதுதான் விஷயம்."

பெற்ற தாயின் பாலில் அந்த நல்ல கிருமிகளும் இருக்கின்றன, அவை தின்று வளர்வதற்கான சத்தும் இருக்கிறது. பவுடர் பாலில் இந்த ஏற்பாடு கிடையாது. குறைமாதக் குழந்தையின் குடல் மிக மெல்லியது. வேண்டாத கிருமிகள் அங்கே பெருகிவிட்டால் குடலே புண்ணாகி அழுகிப்போகிற ஆபத்து உண்டு. நாம் கழுவுவதும் கொதிக்க வைப்பதும் லேபிள் ஒட்டுவதும் இதற்காகத்தான்.

இனி நான் செய்த தவறைச் சொல்கிறேன்.

ஒரு தை மாதம். காலையில் ஆஸ்பத்திரி புல்வெளி உறைபனியில் வெள்ளையாகக் கிடந்த வாரம். பந்தலூர்ப் பக்கத்திலிருந்து ஆம்புலன்ஸில் ஒரு பெண்குழந்தை வந்தது. ஏழு மாதம்தான் முடிந்திருந்தது. எடை ஒரு கிலோ இருநூறு. தாய் ரேவதிக்கு ரத்த அழுத்தம் ஏறி, அங்கேயே ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து எடுத்திருந்தார்கள். அவளால் ஒரு வாரத்துக்குப் பயணம் செய்ய முடியாது. குழந்தையோடு வந்தவன் அவள் கணவன் ஜெகன். தேயிலை ஃபாக்டரியில் வேலை, இருபத்தெட்டு வயது இருக்கும்.

"அம்மாவோட பால் கெடைச்சா நல்லது" என்று டாக்டர் சொன்னதும் அவன் அன்றைக்கே பஸ் ஏறிவிட்டான். பந்தலூரிலிருந்து ஊட்டிக்கு மலைப்பாதையில் நான்கு மணி நேரம் ஆகும். இரண்டாம் நாள் காலை பத்தரை மணிக்கு, கண்ணெல்லாம் சிவந்து, பால் அறை வாசலில் வந்து நின்றான். மார்போடு ஒரு பெரிய வாய் ஃபிளாஸ்க்கை அணைத்திருந்தான்.

"சிஸ்டர், கொண்டாந்துட்டேங்க."

என்னைச் சிஸ்டர் என்றே எல்லோரும் கூப்பிடுவார்கள். இல்லை என்று சொல்லக்கூட எனக்குக் கூச்சம்.

அவன் ஃபிளாஸ்க்கைத் திறந்து காட்டினான். உள்ளே வெந்நீர். வெந்நீருக்குள் மூடி இறுக்கிய சின்ன பாட்டில். அதில் மஞ்சளாகப் பத்து மில்லி சீம்பால்.

"பஸ் டிரைவர்கிட்ட சொல்லி கூடலூர்ல கடையில தண்ணி மாத்துனேங்க. அஞ்சு நிமிசம் பஸ்ஸ நிறுத்துனாரு. துளி சூடு கொறையல, தொட்டுப் பாருங்க!"

தொட்டுப் பார்த்தேன். கைக்கு இதமான சூடு. பந்தலூரில் எடுத்த பால் குறைந்தது நான்கு மணி நேரமாக அந்தச் சூட்டிலேயே வந்திருக்கிறது.

தாய்ப்பால் தூரத்திலிருந்து வந்தால் குளிர்ச்சியில் வர வேண்டும் என்பது எனக்குத் தெரியும். சுவரில் இருக்கிறது. இதமான சூட்டில் கிருமி குட்டி போட்டுப் பெருகும் என்பதும் தெரியும். ஆனால் அந்த நிமிடத்தில் இரண்டு விஷயங்கள் என் வாயைக் கட்டின. ஒன்று, நான் இந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவள். எங்களுக்குச் சூடு என்றால் அக்கறை. யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் சூடாக ஏதாவது கையில் கொடுப்பார்கள். சூடாக ஒன்றைக் கொண்டுவந்தவனிடம் அது தப்பு என்று சொல்ல மனசு வரவில்லை. இன்னொன்று, அவன் முகம். ராத்திரி தூங்காத முகத்தில் அப்படி ஒரு பெருமை. 'எத்தனை மணிக்கு எடுத்தது, எப்படி வந்தது' என்று வரிசையாகக் கேட்டால் அது போலீஸ் விசாரணை மாதிரி இருக்குமே என்று நினைத்தேன்.

"சரிங்க" என்று வாங்கிக்கொண்டேன். வந்து சேர்ந்த நேரத்தை லேபிளில் எழுதினேன். எடுத்த நேரம் எழுதும் இடத்தில் ஒரு கோடு போட்டேன். அந்தக் கோட்டை இன்றைக்கும் என்னால் கண்ணை மூடினால் பார்க்க முடியும்.

பதினோரு மணிக்கு ஒரு மில்லி, ஒரு மணிக்கு ஒரு மில்லி, மூன்று மணிக்கு ஒரு மில்லி. நான்கு மணிக்குக் குழந்தையின் வயிறு உப்பிவிட்டது. மூக்கில் விட்ட குழாயில் பச்சை நிறத்தில் திரும்பி வந்தது. டாக்டர் உடனே பாலை நிறுத்தினார். எக்ஸ்ரே எடுத்தார்கள். புது ஊசி மருந்து ஆரம்பித்தார்கள். வெளியே வந்து ஜெகனிடம், "பால் இப்போ சேரல. ரெண்டு நாள் வயித்துக்கு ஓய்வு குடுத்துப் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் பிரசவ வார்டுக்கு ஓடினார்.

ஜெகன் நடைபாதையில் நின்று போனில் பேசியது பால் அறைக்குள் கேட்டது.

"சேரலையாம் அண்ணி... ஆமா, அவ பாலுதான்... வயிறு உப்பிடுச்சு."

சிறிது நேரத்தில் சிஸ்டர் உள்ளே வந்தார்.

"அக்கா, அந்தப் பால் எப்படி வந்துச்சு?"

"ஃபிளாஸ்க்ல."

"ஐஸ் போட்டா?"

"வெந்நீர் ஊத்தி."

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"வாங்கறப்பவே. தொட்டேன்."

அவர் மலையாளத்தில் என்னவோ சொன்னார். எனக்குப் புரியவில்லை, புரிய வேண்டிய அவசியமும் இல்லை. பிறகு தமிழில், "வாயத் தொறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தா என்னக்கா? அந்தாளு உங்களக் கடிச்சா தின்னுருப்பான்?" என்றார். மீதிப் பாலை என் எதிரிலேயே கொட்டினார். டாக்டரிடம் போய்ச் சொன்னார். அந்தப் பாலால்தான் வயிறு உப்பியது என்று டாக்டர் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. குறைமாதக் குழந்தைக்கு எதனாலும் வரலாம் என்றார். "நாளன்னிக்குக் காலையில வயிறு எறங்கியிருந்தா திரும்ப ஆரம்பிப்போம். அம்மா பால் இருந்தா அதான் முதல்ல. இல்லேன்னா பவுடர்தான், வேற வழியில்ல" என்றார்.

ஊசி மருந்து கெட்ட கிருமியைக் கொல்லும்போது நல்லதையும் சேர்த்துத்தான் கொல்லும். குடல் மறுபடியும் காலி. அதில் முதலில் போவது எது என்பதற்கு ஒன்றரை நாள்தான் கெடு.

மறுநாள் காலை ஏழரைக்கு வேலைக்கு வந்தபோது ஜெகன் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தான். அவன் எட்டு மணி பஸ்ஸுக்குக் கிளம்பினால்தான் திரும்பப் பால் கொண்டுவர முடியும். நானாகப் போய்ப் பேசினேன்.

"ஊருக்குப் போகலீங்களா? பால் எடுத்துட்டு வரணுமே."

"இனி ரேவதி எடுக்க மாட்டா சிஸ்டர். அண்ணி, அதான் அவ அக்கா, கூட இருக்காங்க. நேத்து சாயங்காலமே மல்லிப்பூ வாங்கி வச்சுக் கட்டிட்டாங்க."

இளவயதுப் பிள்ளைகளுக்கு இது தெரியாமல் இருக்கலாம். பால் வற்ற வேண்டும் என்றால் மார்பில் மல்லிகைப் பூவை வைத்து இறுக்கிக் கட்டுவது வழக்கம். குழந்தை தவறிப்போன தாய்க்குச் செய்வது.

"புள்ள நல்லாத்தானே இருக்கு, எதுக்குக் கட்டுனாங்க?"

"சேராத பாலு எதுக்குன்னாங்க. எஸ்டேட் லைன் வீடுங்கள்ல எல்லாருமே அதான் பேசிக்கிறாங்களாம், ரேவதி பாலு புள்ளைக்கு ஆவலன்னு."

நான் பேபி வார்டின் கண்ணாடிக் கதவுக்கு ஓடினேன். உள்ளே சிஸ்டர் இன்னொரு குழந்தையின் மீது குனிந்து, பலூனை அமுக்கி மூச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார். டாக்டரும் அங்கேதான். அந்த நேரத்தில் அவர்களைக் கூப்பிடக் கூடாது. கடிகாரத்தில் ஏழு நாற்பது. சிகிச்சையைப் பற்றி நாம் உறவினர்களிடம் பேசக் கூடாது என்று விதி இருக்கிறது. சரியான விதி, நீங்களும் மீறாதீர்கள். ஆனால் என் அறையில் நான் செய்ததைப் பற்றி நான் பேசலாம். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். அந்தக் கதவருகில் நின்று நான் இப்படித்தான் முடிவு செய்தேன். எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று மனதுக்குள் பிரித்துக்கொண்டுதான் திரும்பினேன்.

"போன் போட்டுக் குடுங்க" என்றேன் ஜெகனிடம்.

எடுத்தது ரேவதியின் அக்கா.

"யாருங்க?"

"ஊட்டி ஆஸ்பத்திரியிலிருந்து பேசறேனுங்க."

"டாக்டரம்மாவா?"

"இல்லைங்க."

"நர்ஸா?"

"இல்லைங்க. பால் அறையில இருக்கிறனுங்க. பாட்டில் கழுவுறவ."

"பாட்டில் கழுவுறவங்களுக்கு எங்ககிட்ட என்னங்க பேச்சு? டாக்டரே சேரலைன்னுட்டாரு."

வழக்கமாக இந்த இடத்தில் நான் போனை வைத்துவிடுவேன். ஆனால் பஸ் எட்டு மணிக்கு.

"தப்புப் பண்ணுனவ நானுங்க. அதைச் சொல்லத்தான் கூப்புட்டேன். ரேவதிகிட்ட குடுங்க."

போன் கை மாறியது. பிறகு மெல்லிய குரல்.

"சொல்லுங்க..."

"கண்ணு, உன் பால் கெட்ட பால்னு இங்க யாரும் சொல்லல. பால் சூட்டுல வந்துச்சு. குளுமையா வந்திருக்கணும். நான் தொட்டுப் பார்த்தும் கேக்காம வாங்கிட்டேன். உங்க ஊட்டுக்காரருக்கு அது தெரியாது, எனக்குத் தெரியும். அதனால தப்பு என்னுது. வயிறு உப்புனது அதனாலதானான்னு டாக்டருக்கே உறுதியாத் தெரியல. ஆனா நாளைக்குத் திரும்ப ஆரம்பிச்சா உன் பால்தான் முதல்ல வேணும்னு டாக்டர் சொன்னதை என் காதால கேட்டேன்."

"நெசமாவா?"

"நெசமா. அது இல்லேன்னா பவுடர்தான்."

"கட்டி வச்சிருக்காங்களே. இனி வருமான்னு தெரியலையே..."

"வர்றது வரட்டும். நாலு சொட்டுன்னாலும் எடு. வயித்துக்குப் போகலைன்னாலும் பஞ்சுல தொட்டுக் கன்னத்துக்கு உள்ள தடவுவாங்க. அதுவும் மருந்துதான்."

போனை விலக்காமலே அவள் சொன்னது கேட்டது. "அக்கா, இந்தப் பூவ அவுத்து விடு." அக்கா என்னவோ சொன்னாள். "அவுத்து விடுன்னு சொல்றேன்ல!"

ஜெகன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றான். கோபப்படுவான் என்று நினைத்தேன். அவன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"தேயிலைக் கொழுந்த மூட்டையில போட்டு அமுக்கி வச்சா உள்ளுக்குள்ளயே சூடேறிச் செவந்துரும் சிஸ்டர். அப்படி வந்த மூட்டைய ஃபாக்டரியில நானே திருப்பி அனுப்பியிருக்கேன். புள்ளைக்குன்னதும் அது தோணலையே எனக்கு."

"எனக்குத் தெரிஞ்சும் கேக்கலையே."

"ஆனா குளுமையா குடுத்தா சளி புடிக்காதுங்களா? இந்தப் பனியில?"

"வர்றதுதான் குளுமையா வரணும். குடுக்கறப்ப சூட்ட நாங்க பாத்துக்கறோம். அது எங்க வேலைங்க. தோட்டத்து டிஸ்பென்சரியில தடுப்பூசி கொண்டுபோற பெட்டி இருக்குமில்ல? உள்ள ஐஸ் வச்சிருப்பாங்களே, அதைக் கேளுங்க. எடுத்த நேரத்தை பாட்டில் மேல எழுதச் சொல்லுங்க."

அவன் பஸ்ஸைப் பிடித்தானா என்றுகூடத் தெரியாமல் நான் போய்ச் சிஸ்டரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டார். "நீங்களா பேசினீங்க? போன்லயா?" என்று இரண்டு முறை கேட்டார். டாக்டரிடம் தானே சொல்லிவிடுவதாகச் சொன்னார். அவ்வளவுதான்.

மறுநாள் காலை குழந்தையின் வயிறு இறங்கியிருந்தது. டாக்டர் கை வைத்துப் பார்த்து, மெத்தென்று இருக்கிறது என்றார். மணி ஒன்பதே முக்கால். பவுடர் டப்பாவை எடுத்து வைக்கச் சொல்லிச் சிஸ்டருக்கு உத்தரவு வந்தது. சிஸ்டர் என்னைப் பார்த்தார். "பதினோரு மணி வரைக்கும் பாக்கலாமா டாக்டர்?" என்று கேட்டார். டாக்டர் டிரிப்ஸ் ஓடுவதைப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

பத்து ஐம்பதுக்கு ஜெகன் வந்தான். நீல நிறப் பெட்டி. அதைப் பின்னால் மூட்டைகளோடு போடச் சொன்ன கண்டக்டரிடம் சண்டை போட்டு, நான்கு மணி நேரம் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தான். மூடியைத் திறந்து பாட்டிலைத் தொட்டேன். விரல் மரத்துப்போகும் குளிர். மேலே பேனாவில் '6.10' என்று எழுதியிருந்தது. பத்து மில்லி வந்த இடத்தில் இப்போது மூன்று.

"இவ்வளவுதாங்க வந்துச்சு" என்றான். "ராத்திரி பூரா முயற்சி பண்ணியிருக்கா."

மூன்று மில்லி போதாது என்று நினைக்கிறவர்கள் நம் அறையில் வேலை செய்ய முடியாது. சிஸ்டர் இரண்டு சொட்டைக் குழந்தையின் கன்னத்துக்குள் தடவினார். பதினோரு மணிக்கு ஒரு மில்லி குழாய் வழியாக இறங்கியது. அதன் பிறகு பாத்திரம் கழுவப் போகாமல் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். ஒரு மணிக்கு வயிற்றை அளந்தார்கள். ஏறவில்லை. மூன்று மணிக்கும் ஏறவில்லை. மீதி இருந்த இடைவெளிக்குப் பவுடர் வேண்டாம், டிரிப்ஸே போதும், அடுத்த பாலுக்குக் காத்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அடுத்த நாள் பெட்டியில் எட்டு மில்லி வந்தது.

அந்தக் குழந்தை ஊருக்குப் போகும்போது இரண்டு கிலோவைத் தொட்டிருந்தாள். இடையில் இன்னும் எத்தனையோ நடந்தது, அவை டாக்டர்களின் கதை. பந்தலூர், அவலாஞ்சி, இத்தலார் என்று தூரத்திலிருந்து பால் வரும் குழந்தைகளுக்கு நம் ஆஸ்பத்திரியே நீலப் பெட்டி கொடுத்தனுப்ப ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். லேபிளில் எடுத்த நேரம் இல்லாத பாலை வாங்கக் கூடாது என்று சுவரில் இருக்கும் கடைசி வரியும் அப்போது எழுதியதுதான்.

ரேவதி வந்த நாளை மட்டும் சொல்லி முடிக்கிறேன். ஏழாம் நாள் ஜீப்பில் வந்தாள். அடிவயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு, அக்காவின் தோளைப் பிடித்து நடந்து வந்தாள். குழந்தையைப் பார்த்துவிட்டு வெகுநேரம் கழித்து வெளியே வந்து, போனில் பேசியது யார் என்று கேட்டிருக்கிறாள். நான் அறைக்குள் பாட்டில்களுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அவள் வாசலில் வந்து நின்றாள். நன்றி சொல்வாளோ என்று பயந்தேன். அதைவிடக் கஷ்டமான ஒன்றைக் கேட்டாள்.

"அன்னைக்கே கேட்டிருந்தா புள்ளைக்கு இந்தப் பாடு வந்திருக்காதில்லங்க?"

"தெரியல கண்ணு. வந்திருக்காதோ என்னமோ. கேட்டிருக்கணும்."

அவள் என்னையே பார்த்தாள். அக்கா அவள் கையை இழுத்தாள், "விடுடி" என்று. அவள் விடவில்லை. பக்கத்துத் தாய்மார் அறைக்குள் போனாள். இருபது நிமிடம் கழித்துத் திரும்பி வந்து ஒரு பாட்டிலை என் முன்னால் நீட்டினாள். நான் வாங்கக் கையை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை. பிடித்துக்கொண்டே நின்றாள்.

"கேளுங்க" என்றாள்.

எனக்குக் காது சுட்டது. பின்னால் சிஸ்டர் நிற்பதும் தெரிந்தது.

"எப்ப எடுத்தது?"

"இப்பத்தான்."

"இப்பத்தான்னா? மணி சொல்லு."

"பதினொண்ணு அஞ்சு."

"கை கழுவுனியா?"

"கழுவுனேன்."

"சோப்புப் போட்டு?"

"சோப்புப் போட்டு."

அப்புறம்தான் கையை விட்டாள். பாட்டிலில் அவள் உடம்புச் சூடு இன்னும் இருந்தது. நேரத்தை எழுதி, ஃபிரிட்ஜைத் திறக்காமல், நேராகக் குழந்தையிடம் கொண்டுபோனேன்.